ஆய்வுத் தலைப்பு ரொம்ப அகலம் என்று திருப்பிவிட்டார்களா?

வணக்கம் தம்பி. கும்பகோணத்தில் தத்துவம் எம்.ஏ. படிப்பதாகவும், 'மதம், சட்டம், அரசியல்' என்ற தலைப்பை நெறியாளர் அகலம் என்று திருப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது சரிதான். ஆனால் விஷயத்தையே விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரைச் சுற்றியே அது கிடக்கிறது.

'எது மதம் என்று யார் முடிவு செய்வது?' இந்த ஒரு கேள்வியைப் பிடியுங்கள். 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது. 1972-இல், பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்தை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில், அர்ச்சகரை நியமிப்பது மதம் சாராத செயல், அவர் செய்யும் பூசைதான் மதம் என்று பிரித்தது. அந்தக் கோட்டைப் போட்டது யார்? சாத்திரமா, நீதிபதியா? எனக்கு இதுதான் உண்மையான தத்துவச் சிக்கலாகத் தெரிகிறது. மதச்சார்பற்ற நீதிமன்றம் ஆகமத்துக்கு (கோயில் வழிபாட்டு விதிகளைச் சொல்லும் நூல்) பொருள் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

பிறகு கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கு. நிர்வாகக் குறையைச் சரிசெய்ய அரசு கோயிலை எடுத்தாலும், குறை நீங்கியதும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. மதக் குழுக்களின் உரிமைகளைச் சொல்லும் அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவில் (ஆ), (ஈ) இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். மத விவகாரம் ஒன்றில், சொத்து நிர்வாகம் மற்றதில்.

மேலைநாட்டுச் சிந்தனையாளர்களை முதல் அத்தியாயத்தில் குவிக்காதீர்கள். முதலில் தீர்ப்புகள். இந்த மூன்றையும் படித்து இரண்டு பக்கம் எழுதி நெறியாளரிடம் காட்டுங்கள். எங்காவது சிக்கினால் இங்கேயே கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.