அடுத்த தலைமுறை வரும்வரை ஒரு தற்காலிக கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

கார்டு போய்விட்டது, புதுத் தலைமுறை வரும்வரை சமாளிக்க சேலத்தில் பழைய கார்டு ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் முதலில் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல்லில் எஃப் என்று முடியாவிட்டால் பெரும்பாலும் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும். அன்றாட வேலைக்கு அது போதும், செலவே இல்லை.

கேம் ஆட வேண்டும் என்றால் காத்திருப்பு நீளம். புதுத் தலைமுறையில் முதலில் இறங்குவது விலை உயர்ந்த கார்டுதான். என்விடியாவின் விலை உயர்ந்த கார்டான ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது 2022 அக்டோபரில். அதே தலைமுறையில் நம் கைக்கு எட்டும் 4060 வந்ததோ 2023 ஜூனில். எட்டு மாதம்! அதுவரை தாங்குவதாக வாங்குங்கள். என் தேர்வு ஏஎம்டியின் பழைய ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி நினைவகம், இழுக்கும் மின்சாரம் 132 வாட். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை சிறியது என்றால் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650. 75 வாட்தான், ஆனால் 4 ஜிபி என்பதால் புது கேம்களில் திணறும்.

ஐந்து ரோடு பக்கம் கடையில் வாங்கினாலும் சரி, நேரில் ஒருவரிடம் வாங்கினாலும் சரி, அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை ஐந்தே நிமிடம் பார்த்து வாங்கி வந்தேன். ஏப்ரல் வெயில், ஏசி இல்லாத மாடி அறை. இருபதாவது நிமிடம் திரை கறுத்துவிட்டது. கழற்றினால், சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. புதுசு தடவிய பிறகுதான் சரியானது.

அப்புறம், பில்லையும் பெட்டியையும் வைத்திருங்கள். திரும்ப விற்கும்போது கேட்பார்கள்.