மஞ்சள் கேப்சூலும் அம்மாவின் மாத்திரையும்

வணக்கம். என் அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மூட்டுவலிக்கென்று இப்போது மஞ்சள் கேப்சூலும் சாப்பிடுகிறார், டாக்டரிடம் சொல்லவில்லை. ‘சமையல் பொருள்தானே, என்ன ஆகிவிடும்’ என்கிறார். அப்பா தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கிறார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. சமையலில் போடும் மஞ்சளும் கேப்சூலும் ஒன்றல்ல. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின், மஞ்சள்தூளில் சுமார் 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூனில் 100 மில்லிகிராம் இருந்தால் அதிகம். கேப்சூலிலோ 500 என்பது சாதாரணம். அதுவும் உடலில் எளிதில் சேராது என்பதால் பலர் மிளகுச் சத்தான பைப்பரினையும் கலந்து விற்கிறார்கள். 1998இல் வந்த ஓர் ஆய்வில் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் ரத்தத்தில் குர்குமின் ஏறத்தாழ 20 மடங்கு கூடியது. சிக்கலே இங்கேதான். குடலும் ஈரலும் மருந்துகளை வெளியேற்றும் வேலையை பைப்பரின் மந்தப்படுத்துகிறது. அது மஞ்சளோடு நிற்காது, வேறு சில மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையில் அளவு கூடினால் ரத்தக்கசிவுதான். போதாததற்கு, மஞ்சள் கேப்சூலால் ஈரல் பாதித்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கேப்சூலை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள், டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். பழைய மாத்திரையை மட்டும் அவராக விட்டுவிடக் கூடாது.

அதற்காக அஞ்சறைப் பெட்டியையே சந்தேகிக்க வேண்டாம். குமட்டலுக்கு இஞ்சி, கர்ப்பகாலக் குமட்டல் உட்பட, ஆய்வுகளிலும் தேறிய கைவைத்தியம். பல்வலிக்குக் கிராம்பைக் கடித்தால் முதலில் சுரீரென்று எரியும், அப்புறம் அந்த இடமே மரத்துப்போகும். கிராம்பிலுள்ள யூஜெனால் என்ற பொருள் செய்கிற வேலை அது. பல் மருத்துவர்கள் தற்காலிகமாக அடைக்கும்போது துத்தநாக ஆக்சைடோடு குழைப்பதும் அதே யூஜெனால்தான். பல் கிளினிக்கில் மூக்கில் ஏறும் வாசனை நினைவுக்கு வருகிறதா? (சொத்தை அப்படியேதான் இருக்கும், வலிதான் அடங்கும்.) ஆனால் அதே கிராம்பின் எண்ணெயைக் குழந்தைகள் விழுங்கி ஈரல் கெட்ட சம்பவங்கள் உண்டு. மொட்டாக இருக்கும்வரை சாது, சாறாக இறக்கிவிட்டால் அது மருந்துக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அப்பாவின் பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தடித்து, கெட்டியாக, ஒரே சுருளாக இருந்தால் அது காசியா என்ற வகை. அதில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம், நாள்தோறும் நிறையச் சேர்ந்தால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். மெல்லிய ஏடுகள் பல சுற்றாக, விரலால் நொறுக்கும்படி இருந்தால் இலங்கைப் பட்டை. அதில் கூமரின் மிகக் குறைவு. தினமும்தான் குடிப்பேன் என்றால் இதையே வாங்கிக்கொள்ளட்டும்.