அமெரிக்கப் பாப் பாடகி பில்லி ஐலிஷ் மூன்றாவது ஆல்பத்தில் உண்மையிலேயே வளர்ந்திருக்கிறாரா, இல்லை அதே முணுமுணுப்புதானா?

வளர்ந்திருக்கிறார். ஆனால் பலரும் சொல்வதுபோல ஸ்டைலை மாற்றியதால் அல்ல. முணுமுணுப்பைக் கைவிடாமலே வாயைத் திறந்து பாடப் பழகியிருக்கிறார்.

முணுமுணுத்துப் பாடுவது எனக்கும் பழக்கம்தான். நான் வளர்ந்தது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில். எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. நான் எழுதின பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் பாடிவிட்டால் போதும், மறுநாள் பைப்படியில் யாராவது அதையே இழுத்து இழுத்துப் பாடிச் சிரிப்பார்கள். அதனால் போர்வைக்குள் புகுந்து, போனை உதட்டோடு ஒட்டி வைத்துத்தான் பதிவு செய்வேன். பாதி மூச்சு, பாதி சொல். 2019இல் பில்லியின் முதல் ஆல்பத்தைக் கேட்டபோது, ‘அட, இந்தப் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுத் தொல்லையா’ என்றுதான் தோன்றியது. அப்போது அவருக்கு 17 வயது. லாஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோர் வீட்டில், அண்ணன் ஃபினியாஸின் படுக்கையறையில் பதிவு செய்த ஆல்பம் அது.

ஆனால் அதை ரயிலில் கேட்க முடியாது. ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் அவர் குரல் எங்கேயோ போய்விடும், அடியில் இடிக்கிற பேஸ் மட்டும் மிஞ்சும். 2021இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் முதல்முறையாகக் கத்தினார். மெல்லிசாகத் தொடங்கிய பாட்டு பாதியில் டிரம்ஸும் கிட்டாருமாக உடைத்துக்கொண்டு கிளம்பும். நல்ல பாட்டு. ஆனால் 16 பாட்டில் அது 15ஆவது, அதுவரை யார் காத்திருப்பது?

2024 மே 17 அன்று வந்த ‘ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்’டில் 10 பாட்டுதான். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆல்பம் வருவதற்கு முன்னால் ஒரு பாட்டைக்கூடத் தனியாக வெளியிடவில்லை. இதில் ஆறாவது பாட்டு ‘தி கிரேட்டஸ்ட்’டைக் கவனித்துக் கேளுங்கள். தன்னைக் கண்டுகொள்ளாத ஒருவருக்காக எவ்வளவைப் பொறுத்துக்கொண்டேன் என்று தனக்குத்தானே கணக்குப் பார்க்கிற மாதிரித் தணிவாகத் தொடங்குகிறார். பாட்டு பாதியைத் தாண்டியும் குரல் ஏறுவதில்லை. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைக்கிற நேரத்தில் நெஞ்சிலிருந்து எடுத்து அடிக்கிறார். இரண்டாவது ஆல்பத்துக் கத்தல் கோபம். இது அப்படியில்லை, அடக்கி அடக்கி வைத்ததற்கு உள்ளே இடம் போதவில்லை. அந்தத் தணிவு இல்லாவிட்டால் இந்த உச்சத்துக்கு வேலையே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து இதை ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா கொழுந்துப் பையின் பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தார். “என்னாடி இது, காய்ச்சக்காரி மாதிரி முனங்குது?” என்றார். அந்த இடம் வந்ததும் ஊசி நின்றது. “ம்ம்... இப்பதான் சோறு தின்னிருக்கு.” அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. இதைவிட நல்ல விமர்சனம் நான் படிக்கவில்லை.

‘இசையெல்லாம் அண்ணன் போட்டது, இவர் வளர்ச்சி எங்கே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவரை முதலில் வெளியே காட்டிய ‘ஓஷன் ஐஸ்’ அண்ணன் தனியாக எழுதிய பாட்டுதான். ஆனால் இந்த 10 பாட்டும் இருவர் பேரிலும் இருக்கின்றன. அதை விடுங்கள், நம் மலையகத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில் பாடிய பாட்டுகளை 1940இல் சிறு நூலாகவும் போட்டார். மெட்டுகள் அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் இருந்தவை. அதற்காக அந்தப் பாட்டுகள் அவருடையதில்லை என்று யாராவது சொல்வோமா?

குறையும் உண்டு. எட்டாவது பாட்டு ‘தி டைனர்’, ஒரு பெண்ணைப் பின்தொடர்கிற ஆளின் வாயில் வைத்துப் பாடியது. முதல் ஆல்பத்தின் பேய்வீட்டு விளையாட்டுக்கே திரும்பிப் போனமாதிரி இருக்கிறது. நான் தாண்டிவிடுவேன். அதற்கு முந்தின பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று டான்ஸ் மெட்டுக்குத் தாவுவதும் முதலில் பிடிக்கவில்லை, நாலு தடவை கேட்ட பிறகு பிடித்துப்போனது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், ஷஃபிளில் போட்டு வரிசையைக் கலைக்காதீர்கள். ஐந்தாவது ‘வைல்ட்ஃபிளவர்’ முடிந்த கையோடு ‘தி கிரேட்டஸ்ட்’ வர வேண்டும். ஹட்டனில் ஏறும்போது முதல் பாட்டைத் தொடங்கினால் நானுஓயா வருமுன்பே எல்லாம் முடிந்துவிடும். சுரங்கம் ஆரம்பத்திலேயே வந்துவிடுவதால் இரண்டொரு வரி காதில் விழாமல் போகலாம், அதைத் திரும்பி வரும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.