அயலானா, பிறனா?

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் ‘அயலானை நேசி’ என்று பிரசங்கம் கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் மளிகைக்கடையைத் திறந்ததும் அது மனதை விட்டுப் போய்விடுகிறது. கிறிஸ்தவ மார்க்கத்தின் பிரதானமான கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, வியாபாரம் செய்கிறவன் அன்றாடம் கைக்கொள்வது எப்படி?
(ஒரு வாசகர், திசையன்விளை)

பதில்: நீங்கள் ‘எப்படி’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ‘அயலான்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். அந்த இடத்தில் சரியான சொல் இருந்திருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்திருக்கும்.

நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 22-ஆம் அதிகாரம் 39-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ‘உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக’ என்று இருக்கிறது. அங்கே அயலான் இல்லை, பிறன்தான் இருக்கிறான். அதே மத்தேயுவின் 5-ஆம் அதிகாரத்தில், ‘உனக்கடுத்தவனைச் சிநேகித்து, உன் சத்துருவைப் பகைப்பாயாக’ என்று ஜனங்கள் கேள்விப்பட்டிருந்ததை ஆண்டவர் எடுத்துச் சொல்லும் இடத்தில் ‘அடுத்தவன்’ வருகிறான். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். அருகில் இருப்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அதை ‘அடுத்திருப்பவர்’ என்று பெயர்த்திருப்பது மூலத்துக்கு நெருக்கமானது, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் பழைய வேதப்புத்தகத்தின் ‘பிறன்’ என்ற சொல்லை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிறன்மனை, பிறன்பொருள் என்று தமிழ் அறநூல்கள் பேசும்போதெல்லாம், பிறன் என்பவன் நாம் எல்லை தாண்டிப் போய்த் தொடக்கூடாத ஆள். அவனுக்குத் தீங்கு செய்யாமல் விலகி நிற்பதே அங்கே அறம். அப்படி விலக்கி நிறுத்திப் பழகிய அதே ஆளை, உன்னை நேசிப்பதுபோல் நேசி என்று சொல்லும்போது, அந்தக் கற்பனையின் கனம் தமிழ்க் காதில் இரண்டு மடங்காக விழுகிறது.

திருநெல்வேலிச் சீமையில் இதைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. 1799-இல் தோன்றிய முதலூரும், 1827-இல் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் உருவாக்கிய டோனாவூரும் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களை நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்கள். சொந்த ஊரில் அடியும் வசையும் வாங்கியவர்களுக்கு அடைக்கலமாக எழுந்த ஊர்கள் நம் பக்கத்தில் இன்னும் பல உண்டு. அந்த அடைக்கலத்துக்கு நாம் என்றென்றும் நன்றியுள்ளவர்களாக இருக்க வேண்டும். ஆனால் நாலு தலைமுறை அங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் சித்தப்பா மகனாகவும் எதிர்வீட்டுக்காரர் அத்தை மகனாகவும் ஆகிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட தெருவில் ‘அயலானை நேசி’ என்று பிரசங்கித்தால், சொந்தக்காரனை நேசி என்றுதான் சபையார் காதில் விழும். அதற்கு வேதம் வேண்டியதில்லை, இரத்தமே போதும்.

இரத்தம் எது வரைக்கும் போகும் என்பதையும் இந்தச் சீமை பார்த்திருக்கிறது. வடக்கன்குளத்தில், ஒரு சாதியார் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமுமாக நின்று ஆராதிப்பதற்கென்று இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலில், நடுத்தடுப்பை 1910-இல் குருமார்களே இடிக்க வேண்டியிருந்தது. மற்ற சபையார் இதைப் படித்துவிட்டு, எங்கள் கோயிலில் அப்படிச் சுவர் இருந்ததில்லை என்று எனக்கு எழுத வேண்டாம். ‘மணமகள் தேவை’ விளம்பரங்களில் சபையின் பெயரை அடுத்துச் சாதியின் பெயர் எழுதப்படும்வரை நம் சுவர் நின்றுகொண்டுதான் இருக்கிறது. இதை நான் எழுதும்போதெல்லாம் கோபமான கடிதங்கள் வருகின்றன. வரட்டும், நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை.

பிறனை நேசிப்பதற்கு நம் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். என் தாயார் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், களைந்த அரிசியில் கை வைக்க மாட்டார்கள். சுளகில் புடைத்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மற்றதைக் களைவார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளில் பிடி சிறுத்ததே தவிர, போடாத நாளை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை உபதேசியார் வீட்டம்மாள் வந்து கலயத்தைக் கவிழ்த்து வாங்கிப் போவார்கள். “அது யாருக்கும்மா?” என்று சிறுவயதில் கேட்டேன். “நமக்குத் தெரியாதவங்களுக்கு” என்றார்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா முதலானோர் முன்நிற்க, தோர்ணக்கல் பக்கத்துத் தெலுங்கு மக்களிடம் நம்மவர்கள் போனபோதும், நம் சபையார் காணிக்கை கொடுத்தது முகம் அறியாத, பேச்சும் புரியாத மனிதர்களுக்காகத்தான்.

இப்போது உங்கள் கடைக்கு வருகிறேன். சென்ற கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன் ஒருவன், முழங்கால்வரை சிமெண்ட் காய்ந்து வெளுத்துப்போன கால்களோடு, உருளைக்கிழங்கைத் தொட்டுக் காட்டி ஒரு விரலை உயர்த்தினான். கடைக்காரர் 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்து நான் அதே கிழங்கில் ஒரு கிலோ கேட்டேன். “தோத்திரம் ஐயா” என்று கைகூப்பிவிட்டு என்னிடம் 40 ரூபாய் வாங்கினார். “அண்ணாச்சி, அந்தப் பையன்கிட்ட அம்பது வாங்குனீங்களே?” என்றேன். “அவன் என்ன நம்ம ஆளா ஐயா?” என்றார். வேதத்தில் பிறன் என்று எழுதியிருப்பது அவனைத்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கிழங்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி கேட்டதும் ‘எனக்குப் பிறன் யார்’ என்றுதான். அதற்கு ஆண்டவர் சொன்ன உவமையில், கள்ளர் அடித்துக் குற்றுயிராய் விட்டுப்போன ஒருவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிப் போக, சமாரியன் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்க்கிறான். அந்த உவமையைப் பிரசங்கிக்கிறவர்கள் ஆசாரியன், லேவியன், சமாரியன் மூவரோடு முடித்துவிடுகிறார்கள். வியாபாரம் செய்கிற உங்களுக்கு அதில் நான்காவதாக ஓர் ஆள் இருக்கிறான், சத்திரத்தான். சமாரியன் கொடுத்தது இரண்டு பணம். திராட்சத்தோட்ட உவமையில் ஒரு பணம் ஒரு நாள் கூலி என்று வருவதால், அது இரண்டு நாள் கூலி. குற்றுயிராய்க் கிடக்கும் மனிதனை ஒப்படைத்து, அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஊராருக்கு ஆகாத சமாரியன். திரும்பி வருவானா என்பதற்கு எந்த ஈடும் இல்லை. சத்திரத்தான் அந்தக் கணக்கை ஏற்க மறுத்தான் என்று லூக்கா எழுதவில்லை. வியாபாரத்தை விட்டுவிட்டு அவன் கற்பனையைக் கைக்கொள்ளவில்லை. சத்திரத்தை நடத்திக்கொண்டே, பற்று எழுதிக்கொண்டே கைக்கொண்டான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் மூன்று காரியங்களுக்குள் அடங்கிவிடும். கடையில் ஒரே சரக்குக்கு ஒரே விலை இருக்கட்டும். பெரிதும் சிறிதுமான இரண்டுவித நிறைகற்கள் பையில் வேண்டாம் என்று உபாகமம் 25-ஆம் அதிகாரம் தடுத்திருப்பது, ஆளுக்கொரு விலை சொல்லும் நாவையும் சேர்த்துத்தான் என்று நான் வாசிக்கிறேன். அடுத்து, உங்கள் பற்று நோட்டை எடுத்து, சொந்தத்திலும் சபையிலும் சேராதவர்களின் பெயர் அதில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், உங்கள் கடைக்கு வரும், நான் சொன்ன வடநாட்டுப் பையனைப் போன்ற ஒருவனிடம் அவன் பெயரைக் கேளுங்கள். உச்சரிக்க வராவிட்டால் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, அவன் முன்னாலேயே ஒரு புதுப் பக்கத்தின் தலைப்பில் எழுதுங்கள்.