தைப்பிங்கில் ஒரு கல்லறை

அன்புள்ள ஐயா,

எங்கள் அம்மப்பாவின் தமையன் மானிப்பாயிலிருந்து மலாயாவுக்குப் போய், அங்கே ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது டாக்டருக்கு உதவியாகக் காயம் கட்டி மருந்து கொடுப்பவராக, இருந்தவர். யப்பான்காரன் காலத்தில் மருந்தில்லாமலும் சனத்தைப் பார்த்தாராம். 1944இல் காய்ச்சலில் மோசம்போனார். போன மாதம் சித்தியின் மகள் மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து அவர் கல்லறையின் படம் அனுப்பினாள். கல் சரிந்து, பாசி மூடி, பெயரில் பாதிதான் தெரிகிறது. கனடா, லண்டன் சொந்தங்கள் காசு சேர்த்துவிட்டார்கள். பழையதைக் கிளப்பிவிட்டுக் கறுப்பு கிரனைட் போடுவோம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, மானிப்பாய்

அன்பின் தங்கைக்கு,

கிளப்ப விடாதீர்கள். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிடித்திருந்த காலம் அது. அப்போதோ, சண்டை முடிந்த கையோடோ, யாரோ காசு தேடி அவருக்குப் பெயர் வெட்டுவித்திருக்கிறார்கள். அவரிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்களாகவும் இருக்கலாம். அவர்கள் கை பட்ட கல் அது.

ஈப்போவுக்குப் பக்கத்தில் பாப்பான் என்ற ஊரில், யப்பானியரை எதிர்த்த போராளிகளுக்கு ஒளித்து மருத்துவம் பார்த்தவர் சிபில் கார்த்திகேசு. இலங்கைத் தமிழ் வழிவந்த டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி. 1943இல் யப்பானியர் பிடித்து வதைத்தார்கள். துணிவுக்கான பிரித்தானிய ஜோர்ஜ் பதக்கம் பெற்றார். 1948இல் பிரித்தானியாவில் இறந்து, ஸ்கொட்லாந்தின் லனார்க்கில் அடக்கமானவரை அடுத்த வருடமே ஈப்போவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் பாட்டனாருக்குப் பதக்கமும் இல்லை, புத்தகமும் இல்லை. அந்தக் கல் மட்டும்தான். அதே தைப்பிங்கில் யுத்த மயானம் ஒன்று இருக்கிறது. 850க்கும் மேற்பட்ட படையினர் அங்கே உறங்குகிறார்கள். புல் வெட்டி, கல் நிமிர்த்திப் பார்த்துக்கொள்ள ஓர் ஆணைக்குழு உண்டு. டிரெசருக்கு நீங்கள்தான்.

செய்யும் முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒன்றைப் பறிகொடுத்தவன். எங்கள் சேமக்காலையில் பூட்டியின் சலவைக்கல் கறுத்துக் கிடந்தது. வேலைக்கு வந்தவர் கக்கூசு கழுவுகிற அசிட்டை ஊற்றினார். புசுபுசுவென்று நுரைத்தது. பின்னேரம் கல் பளிச்சென்று இருந்தது, திகதி போய்விட்டது. பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினேன், ஒரு ‘ம’ மட்டும் தட்டுப்பட்டது. சலவைக்கல்லும் நம் ஊர்ச் சுண்ணக்கல்லும் ஒரே சாதி, தேசிக்காய்ப் புளியே அரித்துவிடும். ஆகவே பச்சைத் தண்ணீரும் மெதுவான பிரஷும் போதும். கம்பிப் பிரஷ் கூடாது. எழுத்துக்குள் இருக்கும் பாசியை மூங்கில் சிலாகையால் எடுக்கச் சொல்லுங்கள். சரிந்த கல்லை நிமிர்த்தச் சுண்ணாம்புச் சாந்து நல்லது. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது, அந்த ஈரம் உப்போடு கல்லுக்குள் ஏறி மேற்பரப்பை உதிர்த்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் மயானத்தைப் பார்க்கிறவர்களிடம் அனுமதி எடுக்க வேண்டும். காசு மிஞ்சும். வருடா வருடம் புல் வெட்டுகிறவருக்கு அது உதவும். கிரனைட்தான் வேண்டுமென்று லண்டன்காரர் பிடிவாதம் பிடித்தால், காலடியில் ஒரு சின்னப் பலகையாக வைக்கட்டும், தமிழில்.

கோப்பாய் வீதியால் போகும்போதெல்லாம் எனக்கு இது மனதில் வரும். அங்கே மாவீரர் துயிலும் இல்லத்துக் கல்லறைகளை இடித்த இடத்தில் 2011இல் இராணுவத் தலைமையகம் திறந்தார்கள். அங்கே பிள்ளையைப் புதைத்த தாய்க்கு இன்று விளக்கு வைக்கக் கல் இல்லை. ஒரு பழைய கல் எழுத்தோடு மிஞ்சியிருந்தால் அதை நம் கையாலேயே பெயர்ப்பதா? என்னால் தாங்க முடியாது.

படம் அனுப்பிய சித்தி மகளிடம் இன்னொன்று சொல்லுங்கள். கழுவ முன்னம், பொழுதுபட்ட பிறகு போய், டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுக்கட்டும். வெட்டின எழுத்துக்குள் நிழல் விழும். பகலில் தெரியாதது தெரியும். மானிப்பாய் என்று வெட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்து எனக்கு எழுதுங்கள்.