முழுநேர ஊழியத்துக்கு ஆசிரியர் வேலையை விடலாமா?

கேள்வி: நாகர்கோவில் அருகே ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டு ஆண்டுகளாகக் கணித ஆசிரியர். வயது 41. சம்பளம் ரூ.26,000, பி.எஃப். ரூ.1,800 போக மீதி கைக்கு வரும். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையும் சிறிய சபை ஒன்றை நடத்துகிறேன். என் தசமபாகம் (சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு) ரூ.2,600 உட்பட காணிக்கை மாதம் ரூ.9,000 வரை சேரும். அது என் ஜிபே எண்ணுக்கே வருகிறது. கூடத்து வாடகை ரூ.6,000. கரண்ட் பில், பெட்ரோல், ஞாயிறு சாப்பாடு என்று மேலும் ரூ.6,400. துண்டு விழுவதை நானே போடுகிறேன். கூடத்தின் முன்னால் தகரக் கொட்டகை போட மனைவியின் மூன்று பவுன் வளையலை அடகு வைத்தேன். மீதி ரூ.18,000 சொச்சத்தில் வீடு நடக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. வரும் ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக விரும்புகிறேன். பி.எஃப். பணம் ரூ.3 லட்சம் கைகொடுக்குமா? மனைவி மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் அழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் வரும் ஏப்ரலில் வேலையை விடாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் சபைக்கு அதிகம் கொடுப்பவர் நீங்கள்தான். தசமபாகமும் துண்டு விழும் தொகையும் சேர்ந்து மாதம் ரூ.6,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. சம்பளம் நின்றால் காணிக்கை ரூ.6,400 ஆகிவிடும், வாடகை கொடுத்தபின் மிஞ்சுவது ரூ.400. வீட்டோடு சபையும் சேர்ந்தே தள்ளாடும். பேராயரின் கீழ் பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தில் பணிசெய்யும் போதகருக்குச் சம்பளம் திருமண்டலத்திலிருந்து வரும். தனிச் சபை நடத்தும் உங்களுக்கு அந்தத் தாங்கல் கிடையாது. பி.எஃப். பணத்தை வீட்டுக்கு மட்டுமே செலவழித்தாலும் பதினாறு மாதத்தில் தீர்ந்துவிடும். மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருப்பாள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பி.எஃப். திட்டத்தின் ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். உங்களுக்கு இரண்டு ஆண்டு பாக்கி. ஓய்வூதியக் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பான ரூ.15,000-இல் பத்து ஆண்டுக்கு மாதம் ரூ.2,143 வரும், அதுவும் 58 வயதிலிருந்துதான். தொகை சிறியது, ஆனால் உங்களுக்குப் பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு போகும். பணியில் இருக்கையில் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.7 லட்சம் வரை தரும் காப்பீடும் இதே திட்டத்தோடு இணைந்தது. வேலையை விட்டால் அது போய்விடும். அதனால் ரூ.50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசியை (குறித்த காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இப்போதே எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

காணிக்கை உங்கள் சொந்தக் கணக்குக்கு வருவதை இந்த மாதமே நிறுத்த வேண்டும். உறவினரல்லாதவர்கள் தரும் பணம் ஆண்டுக்கு ரூ.50,000-ஐத் தாண்டினால் அது உங்கள் வருமானமாகக் கருதப்படலாம். இன்றைய நிலையில் வரி விழாவிட்டாலும், எது சபைப் பணம், எது வீட்டுப் பணம் என்று உங்களாலேயே பிரித்துக் காட்ட முடியாது. ஒரு டிரஸ்ட் பதிவு செய்து, பான் வாங்கி, இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். மாதாமாதம் வரவு செலவைச் சபையாருக்கு வாசித்துக் காட்டுங்கள். எவ்வளவு துண்டு விழுகிறது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அந்த மூன்று பவுன் சபையின் கடன். சபைக் கணக்கில் அப்படியே எழுதி, வளையலை மீட்க மாதம் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லுங்கள். மீட்கும் வரை புதிய கட்டுமானம் எதுவும் வேண்டாம். தசமபாகம் உங்கள் விசுவாசம் சார்ந்தது, அதைத் தொடருங்கள். துண்டு விழுவதற்கு நீங்கள் போடுவதை மட்டும் ரூ.1,000-க்கு மேல் போகவிடாதீர்கள். மீதியைச் சபை தாங்கட்டும், இல்லையென்றால் செலவு குறையட்டும்.

மனைவி மறுப்புச் சொல்லவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வளையலைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். ஜெபக்கூட்டம் இல்லாத ஒரு மாலையில் இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்து, அவர் வாயால் பதில் வரும்வரை காத்திருங்கள்.

பத்து ஆண்டு முடிந்து, உங்கள் பணம் சேராமலே சபையின் செலவு போக மாதம் ரூ.15,000 தொடர்ந்து ஆறு மாதம் மிஞ்சினால், அதை உங்களுக்கு ஊதியமாகச் சபை தீர்மானம் போட்டுத் தரட்டும். அப்போது வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுலைப் போல இருங்கள். கொரிந்துவில் அவர் கூடாரத் தொழில் செய்துகொண்டேதான் பிரசங்கித்தார்.

வேலையை விடும் நாளில் கிராஜுவிட்டியை (பணிக்கொடை) எழுத்து மூலம் கேளுங்கள். ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்று பள்ளி சொன்னால் ஏற்காதீர்கள். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதிசெய்திருக்கிறது. ரூ.26,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி என்றிருந்தால், ஆண்டுக்கு ரூ.15,000 வீதம் பத்து ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரும்.