ஃபவுலை மேசைக்கு அறிவிப்பது எப்படி? கூடைப்பந்து நடுவர் பணி: கேள்வி பதில்

நடுவர் பணி குறித்து வந்த கேள்விகளில், ஃபவுலை ஸ்கோரர் மேசைக்கு (ஆட்டக் குறிப்புகளைப் பதிபவர்கள் அமரும் மேசை) அறிவிப்பது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டுப் போட்டிகள் ஃபிபா எனப்படும் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடப்பதால், பதில்களும் அவற்றைச் சார்ந்தே இருக்கும்.

புதிதாக நடுவரானவர்: விசில் ஊதிய பிறகு எதை முதலில் சொல்ல வேண்டும்?

விசில் ஊதும்போதே ஒரு கையை முஷ்டியாக மடக்கி உயர்த்துகிறோம். ஆட்டக் கடிகாரத்தை நிறுத்துவதற்கான சைகை அது. அடுத்து, மேசையிலிருப்பவர்கள் நம்மைத் தடையின்றிப் பார்க்கக்கூடிய இடத்துக்கு வந்து, இரண்டு கால்களையும் ஊன்றி நிற்க வேண்டும். அதன் பிறகே பேச்சு: அணியின் நிறம், ஆட்டக்காரரின் எண், ஃபவுலின் வகை, அதற்கான தண்டனை. "ஒயிட், ட்வெல்வ், புஷ், டூ ஷாட்ஸ்" (வெள்ளை அணி, 12, தள்ளுதல், இரண்டு ஃப்ரீ த்ரோ) என்று சொல்லும்போது, நிறத்தைத் தவிர ஒவ்வொரு சொல்லுடனும் அதற்குரிய கைச்சைகை வர வேண்டும். ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு) இல்லையென்றால், பந்து எந்தத் திசைக்கு என்பதைக் காட்டி முடிக்கிறோம். பந்தை வைத்திருந்த அணியே ஃபவுல் செய்திருந்தால் அந்தத் திசையை விரலால் அல்லாமல் முஷ்டியால் காட்ட வேண்டும்.

புதியவர்களிடம் நான் அதிகம் காணும் குறை, நடந்துகொண்டே அறிவிப்பது. உடல் அசையும்போது விரல்கள் தெளிவாகத் தெரிவதில்லை, குரலும் வேறு பக்கம் போய்விடுகிறது. நின்று சொல்வதற்கு ஆகும் இரண்டு மூன்று விநாடிகளை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

ஸ்கோரராகப் பணிபுரிபவர்: தள்ளினாரா, பிடித்தாரா என்பதை ஸ்கோர் ஷீட்டில் நாங்கள் எழுதுவதே இல்லையே, பிறகு ஏன் வகையைச் சொல்கிறீர்கள்?

நீங்கள் சொல்வது சரிதான். புஷ், பிளாக் (வழிமறித்தல்), ஹோல்டிங் (பிடித்தல்) எதுவானாலும் உங்கள் ஏட்டில் 'பி' என்ற ஓரெழுத்துத்தான். ஃப்ரீ த்ரோ உண்டென்றால் பக்கத்தில் 1, 2 அல்லது 3 சேரும். டெக்னிக்கல் (நடத்தை சார்ந்தது), அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் (விளையாட்டு உணர்வுக்கு மாறானது), டிஸ்குவாலிஃபையிங் (வெளியேற்றத்துக்குரியது) ஆகியவற்றுக்கு மட்டுமே தனி எழுத்துகள் உள்ளன. எனவே உங்கள் வேலைக்கு இன்றியமையாதவை எண்ணும் தண்டனையும்.

வகையை நாம் சொல்வது முக்கியமாகப் பயிற்சியாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும். பிளாக்கா சார்ஜா (பந்துடன் வந்தவர் எதிராளி மீது மோதியதா) என்று அரங்கமே கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், பிளாக் என்பதற்காக இடுப்பில் இரு கைகளையும் வைத்துக் காட்டும் ஒரு சைகை, நடுவர் எதைப் பார்த்து விசில் ஊதினார் என்பதை விளக்கிவிடுகிறது. நடந்ததற்குப் பொருந்தாத வகையைக் காட்டினால், சரியான விசிலும் தவறாகத் தோன்றும். தேவையற்ற வாக்குவாதங்கள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

கல்லூரி மாணவி: 15, 50 போன்ற எண்கள் குழம்பாதா?

கூச்சலுக்கு நடுவே "ஃபிஃப்டீன்" என்பதும் "ஃபிஃப்டி" என்பதும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். ஆகவேதான் குரலும் கையும் சேர்ந்தே இயங்க வேண்டும். 1 முதல் 5 வரை வலக்கை விரல்கள் போதும். 6 முதல் 10 வரை, வலக்கையின் ஐந்து விரல்களோடு இடக்கை விரல்கள் சேரும். 11 முதல் 15 வரை வலக்கை முஷ்டியாக இருக்க, இடக்கை மீதியைக் காட்டும். 16 முதல் முறை மாறுகிறது: முதலில் புறங்கை மேசையைப் பார்க்கும்படி பத்தின் இலக்கத்தையும், பிறகு உள்ளங்கை தெரியும்படி ஒன்றின் இலக்கத்தையும் காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக 24 என்றால், புறங்கையோடு இரண்டு விரல்கள், ஒரு சிறு இடைவெளி, பின்பு உள்ளங்கையோடு நான்கு விரல்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மேசையில் ஆறு விரல்கள்தான் பதியும். வாயாலும் இலக்கங்களைப் பிரித்து "டூ, ஃபோர்" என்று சொல்வது நல்லது.

முன்பு சர்வதேசப் போட்டிகளில் எண்கள் 4-லிருந்துதான் தொடங்கின. 2014-ஆம் ஆண்டின் விதிமாற்றத்துக்குப் பிறகு 0, 00, 1 முதல் 99 வரை எதையும் அணியலாம் என்றானதால், எண்களைக் காட்டும் பயிற்சி இன்று முன்பைவிட அவசியம்.

பள்ளிப் பயிற்சியாளர்: அமெரிக்கக் காணொளிகளில் நடுவர்கள் இரு கைகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறார்களே?

அங்கு உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 5-க்கு மேற்பட்ட இலக்கம் சட்டையில் இருக்கக் கூடாது. அதனால் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு கை போதுமானது. வலக்கை பத்தின் இலக்கத்தையும் இடக்கை ஒன்றின் இலக்கத்தையும் காட்டுவதால், எதிரே இருக்கும் ஸ்கோரர் இடமிருந்து வலமாக அப்படியே படித்துவிடலாம். நல்ல முறைதான், ஆனால் அதை இங்கே கலக்காதீர்கள். ஃபிபா முறைக்குப் பழகிய மேசைக்கு இரண்டு கைகளிலும் விரல்களைக் காட்டினால், அதைக் கூட்டியே படிப்பார்கள்.

அதே பயிற்சியாளர்: தமிழில் அறிவிக்கலாமா?

சைகையோடு குரலும் வேண்டும் என்று விதிநூல் வலியுறுத்துகிறது. ஆங்கிலம் என்பது சர்வதேச ஆட்டங்களுக்காகச் சொல்லப்பட்டது. உள்ளூர் ஆட்டத்தில் மேசைக்கு எது பழக்கமோ அதுவே சிறந்தது.

அணி மேலாளர் ஒருவர்: ஃபவுல் ஆனவுடன் மாற்று ஆட்டக்காரரை ஏன் உள்ளே விடுவதில்லை?

பந்து 'டெட்' ஆகி (ஆட்டத்தில் இல்லாத நிலைக்கு வந்து), கடிகாரம் நின்று, நடுவர் மேசையுடன் பேசி முடித்த பிறகே அந்த வாய்ப்பு தொடங்குகிறது. டைம் அவுட்டுக்கும் அப்படியே. அறிவிப்பின் நடுவே ஹாரன் ஒலித்தால், நடுவர் சொல்லிக்கொண்டிருக்கும் எண் காற்றோடு போய்விடும்.

இளம் ஸ்கோரர்: எண் சரியாகக் கேட்கவில்லை, நடுவரும் திரும்பிவிட்டார். என்ன செய்வது?

ஊகித்து எழுதவே எழுதாதீர்கள். பந்து இன்னும் ஆட்டத்துக்கு வராத நிலையில் உடனே ஹாரன் அடித்து நடுவரை அழையுங்கள். அவர் சொன்ன எண் அணிப் பட்டியலிலேயே இல்லாதபோதும் இதையே செய்யுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால், பந்து அடுத்து 'டெட்' ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் உதவி ஸ்கோரரிடம் கேட்டு இருவரின் குறிப்பையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சரியாகப் பதிந்தபின், அந்த ஆட்டக்காரரின் ஃபவுல் எண்ணிக்கைப் பலகையை இரு பயிற்சியாளர்களும் பார்க்கும்படி உயர்த்த வேண்டும். அது ஐந்தாவது, அதாவது அவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டிய ஃபவுல் என்றால், நடுவர் மேசையை விட்டு நகருமுன் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.